புரோக்ரசிவ் ராக்கில் ஒளிவுமறைவற்ற கிறிஸ்தவ விசுவாசம்: நீல் மோர்ஸை எப்படிக் கேட்பது?

நெடும்பாடல் எழுதியது:

அமெரிக்கப் பாடகர் நீல் மோர்ஸின் ஆல்பங்களைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம், இசை அபாரமானது, ஆனால் அந்தப் பிரசங்கம்தான் பொறுக்க முடியவில்லை என்ற குறை தவறாமல் வந்துவிடுகிறது. அந்தக் குறையை மட்டும் தனியே எடுத்து விவாதிப்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கிறிஸ்தவம் சரியா தவறா என்பது இங்கே பேசுபொருள் அன்று. நீண்ட, பல பகுதிகளாகக் கட்டப்படும் பாடல்களுக்குப் பெயர்போன புரோக்ரசிவ் ராக் (சுருக்கமாக 'புரோக்') இசைவகையின் கலைஞர் ஒருவர் தம் விசுவாசத்தை இயேசுவின் பெயர் சொல்லியே, 'நான்' என்று தன்மையில் நின்று பாடும்போது நம்மில் பலருக்கு ஏற்படும் நெளிவு எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீல் மோர்ஸும் அவருடைய அண்ணன் ஆலனும் 1992இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஸ்பாக்ஸ் பியர்டு, யெஸ், ஜெனிசிஸ், ஜென்டில் ஜயண்ட் ஆகிய குழுக்களின் நீண்ட பாடல் மரபுக்கு அடுத்த தலைமுறையில் உயிர் கொடுத்த குழுக்களுள் ஒன்று. 2002இல் 'ஸ்னோ' என்ற இரட்டை ஆல்பம் வெளிவந்து அதன் ஈரம் காய்வதற்குள், நீல் மோர்ஸ் அந்தக் குழுவிலிருந்தும், டிரீம் தியேட்டரின் மைக் போர்ட்னாய் முதலியோருடன் சேர்ந்து நடத்திவந்த டிரான்ஸ்அட்லாண்டிக்கிலிருந்தும் விலகினார்; தம் விசுவாசத்தைப் பாடும் வழியில் இனிப் போக வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். மறு ஆண்டு வந்த 'டெஸ்டிமனி', லாஸ் ஏஞ்சலஸில் பாடலாசிரியராக முட்டிமோதித் தோற்றுக் குடியில் விழுந்த ஒரு மனிதன் நாஷ்வில்லுக்குப் போய் இரட்சிக்கப்பட்ட கதையை, ஐந்து பாகங்களாக, இரண்டு குறுந்தகடுகளில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் சொல்கிறது. திருச்சபைகளில் எழுந்து நின்று 'சாட்சி சொல்லுதல்' என்று நாம் அறிந்திருக்கும் அதே வடிவம்தான் இது. அதற்கு மெல்லோட்ரான் என்ற கீபோர்டும் பித்தளை வாத்தியங்களும் நரம்பிசைக் குழுவும் சேர்ந்திருக்கின்றன.

என்னுடைய வாதம் இதுதான். சமய நூல்களைப் பாடியதற்காக இந்த இசைவகையில் எவரும் விலக்கப்பட்டதில்லை. கிங் கிரிம்சன் குழுவின் ஜேமி மியூர், டிரம்ஸ் வாசிக்கும் பில் புருஃபோர்டின் திருமணத்தில் யெஸ் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் பற்றிச் சொன்னார்; அந்த நூலின் ஓர் அடிக்குறிப்பிலிருந்து ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு, இசைத்தட்டின் நான்கு பக்கங்களுக்கும் ஒவ்வொன்றாக ஒதுக்கி, 1973இல் யெஸ் குழு ஓர் ஆல்பமே செய்தது. அதன் நீளத்தைத் திட்டியவர்கள் ஏராளம். பிரசங்கம் என்று திட்டியவர்களை நான் கண்டதில்லை. 1972இல் ஜெனிசிஸ் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' வெளிப்படுத்தின விசேஷத்தின் படிமங்களில் நீந்தி, புதிய எருசலேமில் போய் முடிகிறது; புரோக் வரலாற்றின் சிகரங்களுள் ஒன்றாக அதை எல்லாரும் கொண்டாடுகிறோம். அப்படியானால் நீல் மோர்ஸ் மட்டும் செய்த குற்றம் என்ன?

ஹாமண்ட்ஆர்கன் எழுதியது:

குற்றம் ஒன்றுமில்லை, வேறுபாடு மட்டும் இருக்கிறது. ஜெனிசிஸின் பாடகர் பீட்டர் கேப்ரியல் வெளிப்படுத்தின விசேஷத்தைக் கனவாகவும் நாடகமாகவும் ஆக்கினார். ஜான் ஆண்டர்சனின் வரிகளோ, அவருக்கே முழுதும் விளங்கியிருக்குமா என்ற ஐயத்தை எழுப்புபவை. இரண்டிலும் கேட்பவன் மீது எந்தக் கோரிக்கையும் வைக்கப்படுவதில்லை. 'டெஸ்டிமனி' அப்படிப்பட்டதன்று. அதன் இறுதிப் பகுதிக்கு வரும்போது, ஒரு கூட்டத்தின் முடிவில் முன்னால் வரும்படி அழைக்கப்படுகிறவனின் இடத்தில் நான் நிறுத்தப்படுகிறேன். எந்த மதத்தின் அழைப்பாக இருந்தாலும் என் நெளிவு அதேதான். யோகானந்தரின் பெயரால் ஆண்டர்சன் என்னைக் கிரியா யோகத்தில் சேரச் சொல்லியிருந்தால், அந்த நான்கு பக்கங்களையும் நான் அன்றே மூடி வைத்திருப்பேன்.

காற்றில்தூசி எழுதியது:

இந்த விவாதம் 2002இல் பிறந்தது போல இரண்டு நண்பர்களும் எழுதுகிறீர்கள். இருபதாண்டுகளுக்கு முன்பே கான்சஸ் என்ற அமெரிக்கக் குழுவில் இது முழுதாக நடந்து முடிந்துவிட்டது. அதைப் பார்த்தால், ஒளிவுமறைவின்றிப் பாடுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது இன்னும் தெளிவாகும்.

அந்தக் குழுவின் கெர்ரி லிவ்கிரென், டொப்பீகாவைச் சேர்ந்தவர்; 'கேரி ஆன் வேவர்ட் சன்' (1976), 'டஸ்ட் இன் த விண்ட்' (1977) ஆகிய பாடல்களை எழுதியவர். அந்த இரண்டும் தேடலின் பாடல்கள். இரண்டாவதில் பிரசங்கி புத்தகத்தின் 'எல்லாம் மாயை' என்ற குரல் கேட்கிறது என்று சொல்லாதவர்கள் இல்லை, ஆனால் அப்போது அவர் கிறிஸ்தவர் அல்லர். கீழைத் தத்துவங்களைச் சுற்றிவந்து, யுரான்ஷியா என்ற மறைஞான நூலில் ஊறியிருந்த காலம் அது. 1979இல் கான்சஸ் நிகழ்ச்சிகளில் முதலில் மேடையேறி இசைத்துவந்த லெரூ என்ற குழுவின் பாடகர் ஜெஃப் பொல்லார்டுடன், விவிலியமா யுரான்ஷியாவா என்று பயணப் பேருந்தில் தொடர்ந்து வாதிட்டதன் முடிவில் அவர் மனந்திரும்பினார். அடுத்த ஆண்டே 'சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்' என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதில் இரண்டு பாடல்களைப் பாடியவர், அப்போது பிளாக் சப்பாத்தில் பாடிக்கொண்டிருந்த ரானி ஜேம்ஸ் டியோ. சப்பாத்தின் பாடகருக்கு இதில் என்ன வேலை என்று சில கிறிஸ்தவர்கள் முகம் சுளித்தார்களே தவிர, டியோவுக்கு அதில் ஒரு தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு இணையாகக் கான்சஸ் குழுவுக்குள் நடந்ததைப் பாருங்கள். 1980இல் வந்த 'ஆடியோ-விஷன்ஸ்' ஆல்பத்தின் 'ஹோல்ட் ஆன்', லிவ்கிரென் தம் மனைவியை விசுவாசத்துக்கு அழைத்து எழுதியது. அதை அறியாமல் கேட்டால் ஆறுதல் சொல்லும் ஒரு காதல் பாடல் போலவே ஒலிக்கும். ஆனால் பாடல்களின் போக்கு மாறிவருவதில் உடன்பாடில்லாத பாடகர் ஸ்டீவ் வால்ஷ் 1981இல் வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த ஜான் எலஃபாண்டே கிறிஸ்தவர். பேஸ் வாசித்த டேவ் ஹோப்பும் அதற்குள் மனந்திரும்பியிருந்தார். 'வைனல் கன்ஃபெஷன்ஸ்' (1982) கிறிஸ்தவ இசைக் கடைகளிலும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் குழுவின் பழைய ரசிகர்களுக்கு, தங்கள் வீட்டில் வேறு யாரோ குடியேறிவிட்டது போல இருந்தது. கடைசியில் லிவ்கிரெனும் ஹோப்பும் 1983இல் குழுவை விட்டே விலகி, ஏடி என்ற வெளிப்படையான கிறிஸ்தவக் குழுவைத் தொடங்கினார்கள். ஹோப் பின்னாளில் ஆங்கிலிக்கன் குருவானார்.

ஆறு பேருக்குச் சொந்தமான ஒரு பெயரின் கீழ் ஒருவரின் விசுவாசத்தைப் பாட முயன்றதுதான் கான்சஸ் குழுவுக்கு நேர்ந்த இடர்ப்பாடு. நீல் மோர்ஸ் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. தம் நண்பர்களின் வாய்களில் தம் ஜெபத்தைத் திணிக்காமல், புகழின் உச்சியில் இருந்த தம் குழுவை அவர்களிடமே விட்டுவிட்டு வெளியே வந்தார். 'டெஸ்டிமனி'யில் விருந்தினராக வந்து கிட்டார் வாசித்திருப்பவர்களில் ஒருவர் கெர்ரி லிவ்கிரென் என்பது தற்செயலாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஈரோட்டுவாசி எழுதியது:

கடவுள் நம்பிக்கை இல்லாத குடும்பத்தில் பிறந்து, இன்றுவரை அப்படியே இருப்பவன் நான். நீல் மோர்ஸ் மீது இந்த இழையிலேயே அதிக வெறுப்பு எனக்குத்தான் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் இங்கே என் நிலை நேர்மாறானது. மேலே சொல்லப்பட்ட 'ஹோல்ட் ஆன்' வகைப் பாடல்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது; 'டெஸ்டிமனி' அந்த அளவுக்குச் செய்யவில்லை. 'நீ' என்று பாடிவிட்டு அது காதலியா கர்த்தரா என்று சொல்லாமல் விடும் உத்தியில், வானொலிக்கு ஒரு முகம், சபைக்கு ஒரு முகம் என்று இரண்டு இருக்கின்றன. தம் கையில் இருப்பது என்ன என்று வாசலிலேயே காட்டிவிட்டு உள்ளே வருகிற மனிதரோடு எனக்குப் பேச முடியும்.

இன்னொன்றையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். என் தரப்பின் பிரசங்கத்தை இந்த இசைவகை நெடுங்காலமாகத் தடையில்லாமல் செய்துவந்திருக்கிறது. ஜெத்ரோ டல் 1971இல் வெளியிட்ட 'அக்வாலங்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் அமைப்பாகிவிட்ட மதத்தின் மீதான வழக்குதான்; ஆதியாகமத்தின் நடையிலேயே, ஆதியிலே மனிதன் கடவுளைப் படைத்தான் என்று தொடங்கும் பகடி அதன் உறையில் அச்சாகியிருக்கிறது. அதே ஆண்டில் வந்த 'டார்கஸ்' ஆல்பத்தில் எமர்சன், லேக் அண்ட் பாமர் ஒரு தேவாலய ஆர்கனில் பாஹின் இசையை வாசித்து, அதன் மேலேயே, கடவுள் இருந்தால் அறுபது லட்சம் யூதர்களை ஏன் இழந்தார் என்று கேட்டார்கள். இவற்றை நான் கேட்டு வளர்ந்தேன். எவரும் என்னிடம் வந்து, இசை நன்று, பிரசங்கம்தான் தாங்கவில்லை என்று சொன்னதில்லை. மறுப்பைப் பாடலாம், விசுவாசத்தை மட்டும் மறைபொருளாகவே பாட வேண்டும் என்பது நியாயமான விதி அன்று.

பாஹ் தம் கையெழுத்துப் படிகள் பலவற்றின் முடிவில் 'கடவுளுக்கே மகிமை' என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகளை இட்டார். அதற்காக மத்தேயு பாடுகளின் இசையை மூடி வைக்கும் நாத்திகர் எவரையும் நான் அறியேன்.

ஹாமண்ட்ஆர்கன் எழுதியது:

பாஹ் உதாரணம் எப்போதும் வந்துவிடுகிறது. பாஹ் தேவாலயத்தில், தேவாலயத்துக்காக, அங்கே கூடிய சபைக்காக எழுதினார். அரங்கத்தில் டிக்கெட் வாங்கி வந்தவனிடம் அவர் சாட்சி சொல்லவில்லை. ஆனால் 'அக்வாலங்' பற்றி ஈரோட்டுவாசி எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அதில் நான் நெளியாததற்குக் காரணம், அது எனக்கு உவப்பான பக்கம் என்பதாகவே இருக்கலாம்.

பாடற்குழு எழுதியது:

கோவில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் கத்தோலிக்கன் என்ற முறையில் ஒரு சிக்கலை முன்வைக்க விரும்புகிறேன். இந்த இழையில் 'கிறிஸ்தவ விசுவாசம்' என்பது ஏதோ ஒற்றைப் பொருள் போலப் பேசப்படுகிறது. 2007இல் வந்த 'சோலா ஸ்கிரிப்டுரா' மார்ட்டின் லூதரைப் பற்றியது. நான்கே பாடல்கள், முதலாவது ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுகிறது. அந்த முதற்பாடலில், லூதர் தம் கண்டனங்களை அறைந்ததாகச் சொல்லப்படும் 1517ஆம் ஆண்டின் தேவாலயக் கதவும், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையும், மிகச் சிறந்த தாளக்கட்டுகளில் வருகின்றன. போர்ட்னாயின் டிரம்ஸும், சில இடங்களில் பால் கில்பர்ட்டின் கிட்டாரும் சேர்ந்து, நீல் மோர்ஸின் ஆல்பங்களிலேயே கடுமையான ஒலியை இதற்குத் தந்திருக்கின்றன. நான் அதை விரும்பிக் கேட்கிறேன். ஆனால் கேட்கும்போதெல்லாம், இதில் வில்லனாக நிற்பது என் திருச்சபை என்பதையும் உணர்கிறேன்.

சீட்டு விற்பனை நடந்ததையோ அது இழிவானது என்பதையோ நான் மறுக்கவில்லை. திரெந்து பொதுச்சங்கமே பின்னர் அதைக் கண்டித்து நிறுத்தியது. என் குறை வேறு. 'டெஸ்டிமனி'யில் ஒருவர் தம் பாவத்தைச் சொல்கிறார். 'சோலா ஸ்கிரிப்டுரா'வில் பிறருடைய பாவத்தைச் சொல்கிறார். முதலாவதைக் கேட்டு ஓர் இந்துவும் நாத்திகரும் கத்தோலிக்கரும் ஒன்றாக உட்கார முடியும், ஏனென்றால் ஒரு மனிதன் தன்னைப் பற்றிப் பேசுகிறான். இரண்டாவது ஒரு தீர்ப்பு. ஆகவே, நெளிவை உண்டாக்குவது வெளிப்படையா அல்லவா என்பதைவிட, பாடுகிறவர் எந்த இடத்தில் நின்று பாடுகிறார் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடையில் ஒரு பரிந்துரை: 1972இல் ஜெனோவா நகரத்து இளைஞர்கள் மூவர் லாத்தே எ மியேலே என்ற பெயரில், மத்தேயு நற்செய்தியின் பாடுகளை முழுக்க முழுக்க புரோக் ஆல்பமாகச் செய்தார்கள். ஆர்கன், பாடற்குழு, நற்செய்தி வாசகம், திடீரென்று பாயும் கிட்டார் என்று அதில் எல்லாம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமையன்று பாடுகளின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே இராது.

நெடும்பாடல் எழுதியது:

பாடற்குழு எழுதியதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். தன்மையில் நின்று பேசுவது பணிவானது, வரலாற்றைப் பேசுவது தீர்ப்பளிப்பது என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. தன் மனமாற்றத்தைச் சொல்கிற எவனும், மாறுவதற்கு முந்தைய வாழ்க்கை வீணானது என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்கிறான். அந்த வாழ்க்கையை இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்கு அது சுடத்தான் செய்யும். நண்பர் ஹாமண்ட்ஆர்கன் உணர்ந்த அழைப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஏழுக்கெட்டு எழுதியது:

வரிகளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். ஒலியைக் கொஞ்சம் பார்ப்போம்.

புரோக்ரசிவ் ராக்கின் நீண்ட பாடல் ஒரு குறிப்பிட்ட முறையில் கட்டப்படுகிறது. தொடக்கத்தில் ஓவர்ச்சர் என்ற முன்னிசை மூன்று நான்கு மெட்டுகளை அறிமுகப்படுத்தும். அவை நடுவில் வேறு சுருதியிலும், வேறு தாளத்திலும், உருமாறியும் வரும். இறுதியில் முதல் மெட்டு மிக மெதுவாக, எல்லா வாத்தியங்களும் சேர, திரும்பி வரும். தொலைந்து, அலைந்து, வீடு திரும்புதல். கெட்ட குமாரனின் உவமைக்கும் இதற்கும் கட்டமைப்பில் வேறுபாடே இல்லை. நீல் மோர்ஸ் 2004இல் வெளியிட்ட 'ஒன்' ஆல்பம் மனிதன் கடவுளிடமிருந்து பிரிந்து மீண்டும் ஒன்றாவதைப் பற்றியது. வடிவமும் பொருளும் அங்கே ஒட்டித் தைத்தவையாகத் தோன்றவில்லை. அந்த ஆல்பத்தில் 'ஆத்தர் ஆஃப் கன்ஃபியூஷன்' என்றொரு பாடல் இருக்கிறது. தலைப்பு கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை நினைவூட்டுவது. முரட்டு கிட்டார் முழக்கத்துக்கு நடுவே, ஜென்டில் ஜயண்ட் பாணியில், பல குரல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வெவ்வேறு வரிகளைப் பாடுகின்றன. குழப்பம் என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை. நாம் அதற்குள் நிற்கிறோம். பிரசங்கம் என்று அந்த இடத்தைச் சொல்ல முடியுமா?

அதைவிடச் சிறந்தது 2005இல் வந்த ஆல்பம். அதன் தலைப்பு வெறும் கேள்விக்குறி. பொருள், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் சுமந்து சென்ற ஆசரிப்புக் கூடாரம். இடைவெளியின்றி ஓடும் பன்னிரண்டு பகுதிகளில், வெளிப் பிராகாரத்திலிருந்து திரைச்சீலைக்கு அப்பால் இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்தை நோக்கி இசை நகர்கிறது. ஜெனிசிஸில் 'சப்பர்ஸ் ரெடி'யை வாசித்த அதே ஸ்டீவ் ஹாக்கெட் இதில் விருந்தினராக வாசித்திருக்கிறார். டிரீம் தியேட்டரின் ஜோர்டன் ரூடஸும் இருக்கிறார். லேவியராகமத்தைத் திறந்தாலே தூங்கிப்போகும் எனக்கு, அந்தக் கூடாரத்தின் அமைப்பு இந்த ஆல்பத்தால்தான் மனத்தில் பதிந்தது.

இனி குறை. இங்கே எவரும் சொல்லாத குறை இது. விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்வதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. நீல் மோர்ஸின் எந்த ஆல்பத்தையும் போட்ட முதல் நிமிடத்திலேயே அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசிப் பத்து நிமிடங்களில் தாளம் தணியும், மெல்லோட்ரான் எழும், ஓவர்ச்சரின் மெட்டு பாடலாகத் திரும்பும், கிருபை இறங்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கும். 'ஸ்னோ'வில் அப்படி இல்லை. நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கும் வெளிறிய தோலுடைய பையன் நியூயார்க் போய், பலரைக் கரையேற்றி, தானே இடறி விழுகிறான். அவன் எழுவானா என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். அந்த ஆல்பத்தை எழுதும்போதும் நீல் மோர்ஸ் விசுவாசிதான். ஆகவே விசுவாசம் இசையைக் கெடுக்கவில்லை. முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்ட கதையில் பதற்றத்தை எங்கிருந்து உண்டாக்குவது என்ற கைவேலைச் சிக்கல் அது. அதை அவர் எப்போதும் தீர்த்துவிடுவதில்லை.

பொருநை எழுதியது:

ஏழுக்கெட்டு எழுப்பிய சிக்கலுக்கு நம் மொழியிலேயே ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கிறது. நீல் மோர்ஸ் தம் குழுவுடன் 2016இல் வெளியிட்ட 'த சிமிலிட்யூட் ஆஃப் எ ட்ரீம்', 2019இல் வெளியிட்ட 'த கிரேட் அட்வென்ச்சர்' ஆகிய இரண்டு இரட்டை ஆல்பங்களும் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' நூலிலிருந்து பிறந்தவை. முன்னதன் தலைப்பே பனியனின் துணைத் தலைப்பிலிருந்து எடுத்தது. அதே பனியனைத்தான் நெல்லைச் சீமையின் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக, 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில், 1894இல் வெளியிட்டார்.

கிருஷ்ணபிள்ளை 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் கிறிஸ்தவரானவர். கம்பனை அவர் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பனியனின் எளிய ஆங்கில உரைநடையை எடுத்துக்கொண்டு, நாட்டுப் படலமும் வருணனையுமாகக் கம்பனின் ஓசையில் கட்டினார். கதையின் நடுவே தேவார அமைப்பில் உருகும் பாடல்களையும் வைத்தார். யாத்திரிகன் மோட்சத்தை அடைவான் என்பது முதற்பாட்டிலேயே எல்லாருக்கும் தெரியும். இராமன் வெல்வான் என்பதும் கம்பனைக் கேட்க வந்தவர்களுக்குத் தெரியும். முடிவு தெரிந்த கதையில் கேட்பவனைப் பிடித்து வைப்பது, வழியில் ஒவ்வோரிடத்திலும் கவி எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறான் என்பதுதான்.

அந்த அளவுகோலில் 'த சிமிலிட்யூட் ஆஃப் எ ட்ரீம்' நீல் மோர்ஸின் மிகச் சிறந்த பணி என்பேன். நாச நகரம், அவநம்பிக்கைச் சேறு, இரும்புக் கூண்டில் அடைபட்ட மனிதன் என்று ஒவ்வோரிடத்திலும் இசையின் நிறமே மாறுகிறது. சோம்பலைப் பற்றிய பாடல் சோம்பலாகவே நகர்கிறது. முட்டாளின் வழிகளைப் பற்றிய பாடலில் பீட்டில்ஸ் காலத்துக் கேலித் துள்ளல் இருக்கிறது. கீபோர்டு வாசிக்கும் பில் ஹியூபாவரும் கிட்டார் வாசிக்கும் எரிக் ஜில்லெட்டும் முதன்மைக் குரலைப் பகிர்ந்துகொள்வதால், ஒரே மனிதர் இரண்டு மணி நேரம் தம்மைப் பற்றிச் சொல்கிற களைப்பும் இல்லை. உருவகக் கதை அவருக்குக் கிடைத்த பெரிய விடுதலை. பனியனின் யாத்திரிகனுக்குப் பின்னால் நின்று அவர் பாடும்போது, ஹாமண்ட்ஆர்கன் சொல்லும் அந்த அழைப்பு நம் முகத்துக்கு நேரே நீட்டப்படுவதில்லை. ஆனால் எதுவும் மறைக்கப்படவும் இல்லை.

அயோனாத்தீவு எழுதியது:

நீல் மோர்ஸ் ஒருவரையே வைத்து இந்த இசைவகையின் கிறிஸ்தவத்தை அளப்பது சரியாகாது என்பதால் மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அயோனா என்ற குழு 1989இல் பிரிட்டனில் தொடங்கியது. புனித கொலம்பா 563இல் வந்திறங்கிய ஸ்காட்லாந்துத் தீவின் பெயர் அது. ஜோஆன் ஹாக்கின் குரல், டேவ் பெய்ன்பிரிட்ஜின் கிட்டார், ஐரிஷ் பைப். 'த புக் ஆஃப் கெல்ஸ்' (1992) நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்கள் தீட்டப்பட்ட பழைய ஓவியச் சுவடியைப் பற்றியது; 'பியாண்ட் தீஸ் ஷோர்ஸ்' (1993) ஆல்பத்தில் கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் வாசித்திருக்கிறார். இவர்கள் ஜெபிக்கிறார்கள். வாதிடுவதும் இல்லை, அழைப்பதும் இல்லை. கெல்ட்டியத் துறவிகளின் பழைய மன்றாட்டுகளை எடுத்து, கடற்காற்று நிரம்பிய ஓர் ஒலிவெளியில் வைத்துவிடுகிறார்கள். விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்வது என்றால் கேட்பவனை நோக்கிச் சொல்வது மட்டுமே என்று இந்த இழை எடுத்துக்கொண்டிருக்கிறது. கடவுளை நோக்கிச் சொல்வதும் வெளிப்படையே. நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம்.

இரண்டாவது, ஜெர்மனியின் போப்போல் வூ. முன்பு மூக் சிந்தசைசரில் ஆழ்ந்திருந்த ஃப்ளோரியன் ஃப்ரிக்கே, 1972இல் 'ஹோசியன்னா மந்த்ரா'வுக்காக அதை ஒதுக்கிவிட்டு, பியானோ, ஓபோ, தம்பூரா, ஜாங் யுன்னின் குரல் ஆகியவற்றோடு, 'ஆண்டவரே, இரங்கும்' என்ற திருப்பலி மன்றாட்டான 'கீரியே'யை இசைத்தார். தலைப்பிலேயே இரண்டு மரபுகள் அருகருகே நிற்கின்றன. மூன்றாவது, டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவைச் சேர்ந்த கிளாஸ் ஹாமர், டோல்கீன், சி. எஸ். லூயிஸ் வழியில் கதைக்குள் விசுவாசத்தை வைப்பவர்கள். 'லெக்ஸ் ரெக்ஸ்' (2002) ஒரு ரோமானியப் போர்வீரனின் கதை. பின்னாளில் யெஸ் குழுவின் பாடகரான ஜான் டேவிசன் இவர்களிடமும் பாடியவர்.

ஹாமண்ட்ஆர்கன் எழுதியது:

அயோனாத்தீவு சொன்ன 'பக்கத்தில் நின்று கேட்பது' எனக்குப் பொருந்துகிறது. தேவாரத்தையும் நாகூர் ஹனீபாவையும் நான் அப்படித்தான் கேட்கிறேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 'டெஸ்டிமனி'யின் கடைசி அரை மணி நேரத்தில் எனக்கு அந்தப் பக்கவாட்டு இடம் கிடைப்பதில்லை. அந்த நிலையிலிருந்து நான் மாறவில்லை. ஆனால் அதைக் குற்றமாக இனிச் சொல்ல மாட்டேன். அவர் வேண்டுமென்றே அந்த இடத்தை அடைத்திருக்கிறார். அது அவருடைய தேர்வு.

புதுச்செவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். யெஸ், ஜெனிசிஸ் வரை கேட்டிருக்கிறேன். நீல் மோர்ஸை இதுவரை கேட்டதில்லை. கிறிஸ்தவப் பின்னணியும் எனக்கு இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

நெடும்பாடல் எழுதியது:

டிரான்ஸ்அட்லாண்டிக் மீண்டும் கூடி 2009இல் வெளியிட்ட 'த வேர்ல்விண்ட்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். 77 நிமிடங்கள் ஓடும் ஒரே பாடல். நீல் மோர்ஸின் விசுவாசம் அதில் இருக்கிறது; அதோடு போர்ட்னாய், ஃப்ளவர் கிங்ஸின் ரோயின் ஸ்டோல்ட், மரில்லியனின் பீட் ட்ரெவாவஸ் ஆகியோரின் கைகளும் இருப்பதால் ஒரு குரலே ஓங்கி நிற்பதில்லை. பிறகு கேள்விக்குறி ஆல்பம், அதன் பிறகு பொருநை சொன்ன பனியன்.

ஈரோட்டுவாசி எழுதியது:

நான் உடன்படவில்லை. அந்த வரிசை, விருந்தாளி கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து போடுகிற வரிசை. தம்பி, 'டெஸ்டிமனி'யையே எடுங்கள். முதல் தகட்டையும் இரண்டாம் தகட்டையும் ஒரே மூச்சில் கேளுங்கள். நெளிவு வந்தால் எந்தப் பாடலில் வந்தது என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். எனக்கு நான்காம் பாகத்தில் வந்தது. ஹாமண்ட்ஆர்கனுக்கு முடிவில் வந்திருக்கிறது. பாடற்குழுவுக்கு அந்த ஆல்பத்தில் வரவே இல்லை.